காக்காச்சியின் ஐந்து குரங்குகள்

பெரு நாட்டுக் காட்டில் பதின்மூன்று வகை, திருநெல்வேலி மலையில் ஐந்து, மும்பை போரிவலியில் மூன்று. ஒரு காட்டில் எத்தனை வகைக் குரங்கு பிழைக்கும் என்பது அங்கே நிற்கும் மரங்களைப் பொறுத்தது. மரங்கள் நிற்பது யாரைப் பொறுத்தது?

மும்பையிலிருந்து நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸ் கர்ஜத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். பின்னாலிருந்து தள்ளிவிடக் கூடுதல் என்ஜின்கள் சேர்ந்துகொள்ளும். போர் காட் எனப்படும் அந்த மலைப்பாதையில், கண்டாலாவுக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர் 'மங்கி ஹில்'. ஊர் என்று எதுவும் அருகில் இல்லை. தொழில்நுட்பக் காரணங்களுக்காக ரயில்கள் நின்று போகிற இடம், அவ்வளவுதான். மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தாராவிக் குழந்தைகள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, பெயருக்கேற்ற ஆசாமிகள் கண்ணில் படுகிறார்களா என்று தேடுவது வழக்கம். பட்டால், வழிச்சாப்பாட்டு மூட்டையிலிருந்து ஒரு வாழைப்பழம் வெளியே பறக்கும்.

பயணம் முடிகிற இடத்திலும் மலைதான். தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினருக்குப் பூர்வீகம் பழைய திருநெல்வேலி மாவட்டம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற அந்த நீலச் சுவரில், மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. தோட்டங்களைச் சுற்றிக் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆக, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு கோடியிலும் நெல்லைக்காரர்கள் குடியிருக்கிறார்கள். இரண்டு கோடியிலும் குரங்குகளும் குடியிருக்கின்றன. ஆனால் ஒரே மாதிரி அல்ல.

தென்கோடிக் காட்டில் ஐந்து வகை: சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் சிங்கவால் குரங்கு, கருங்குரங்கு, நாட்டுக் குரங்கு, சாம்பல் நிற அனுமன் மந்தி, இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு. தென்னிந்தியாவில் உள்ள ஐந்தும் ஒரே காப்பகத்தில் கிடைப்பது பெரிய விஷயம். வடகோடியில், சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பட்டியலில் மூன்று பெயர்கள்: நாட்டுக் குரங்கு, அனுமன் மந்தி, வட இந்தியாவின் ரீசஸ் குரங்கு. பழம் மட்டுமே நம்பி உச்சாணிக் கிளையில் வாழ்கிற வகை அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

ஏன் அங்கே ஐந்து, இங்கே மூன்று? தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் மானு தேசியப் பூங்காவில் மட்டும் எப்படி 13? உயிரியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டம் கண்டமாகத் திரிந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. விடையில் ஒரு பகுதி காக்காச்சியிலிருந்து கிடைத்தது என்பது நெல்லைக்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

குரங்கு, வாலில்லாக் குரங்கு, தேவாங்கு, மனிதன் எல்லோரையும் விஞ்ஞானிகள் பிரைமேட் என்ற ஒரே வரிசையில் வைக்கிறார்கள். மனிதனை விட்டுவிட்டால் இந்த வரிசையில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள். ஏறக்குறைய எல்லாமே நான்கு நிலப்பகுதிகளுக்குள் அடக்கம்: தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா. ஆஸ்திரேலியாவில் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் ஜிப்ரால்டர் பாறையில் மட்டும் ஒரு கூட்டம்; அதுவும் மனிதன் கொண்டுபோய் விட்டது.

நான்கு இடங்களிலும் காடு ஒன்று போலத்தான் தெரியும். மழை கொட்டும், மரம் வானைத் தொடும், கொடி தொங்கும். ஆனால் உள்ளே நடக்கிற நாடகத்தில் வேஷங்கள் வேறு. அமெரிக்கக் குரங்குகளில் தரையில் வாழ்கிற வகை கிடையாது; எல்லாமே மரவாசிகள். வாலால் கிளையைப் பற்றித் தொங்குகிற வித்தை அவற்றில் சில வகைகளுக்கு மட்டும் கைவந்தது. ஆசியக் குரங்கோ ஆப்பிரிக்கக் குரங்கோ அப்படித் தொங்க முடியாது. இரவில் விழித்திருக்கும் உண்மையான குரங்கும் தென் அமெரிக்காவில்தான் உண்டு. நம்மூர்த் தேவாங்கு இரவில் திரிந்தாலும் அது குரங்கு அல்ல, தூரத்து உறவு.

மடகாஸ்கர் கதையே தனி. அங்கே குரங்கே போய்ச் சேரவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்துபோன ஏதோ ஒரு மூதாதையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் இனங்கள் பிறந்து, காலியாகக் கிடந்த வேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டன. தீவில் மரங்கொத்தி கிடையாது. அந்த வேலையை அய்-அய் என்ற லெமூர் பார்க்கிறது: குச்சி போன்ற நடுவிரலால் மரத்தைத் தட்டி, உள்ளே புழு இருக்கும் ஓசை கேட்டதும் பல்லால் கடைந்து, அதே விரலை விட்டுத் தோண்டி எடுக்கிறது. ரனோமஃபானா காட்டில் 1980-களில் கண்டறியப்பட்ட பொன்னிற லெமூர் ஒன்று, சயனைடு நிறைந்த மூங்கில் குருத்தைத் தினசரி உணவாகக் கொண்டிருக்கிறது. கொரில்லா அளவுக்குப் பருத்த லெமூர்களும் அங்கே இருந்தன. மனிதன் தீவில் இறங்கிய பிறகு, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில், ஒன்றுவிடாமல் போய்விட்டன.

இப்படி வேஷம் மாறினாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. எந்தக் காட்டிலும் குரங்கின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பழம் நிறைந்த மாதங்கள் அல்ல. பழம் இல்லாத மாதங்கள். ஜான் டெர்போர்க் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் மானுவின் கோச்சா கஷு ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து குரங்கினங்களைப் பின்தொடர்ந்து 1983-ல் புத்தகமாக எழுதினார். வருடத்தின் பெரும் பகுதி ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே பழத்தைத்தான் தின்கின்றன. கோடை வந்து பழம் வற்றியதும் தனித்தனியாகப் பிரிகின்றன. கபுச்சின் என்ற கெட்டிப் பல்காரர் பனை வகைக் கொட்டைகளை உடைக்கப் போகிறது. அணில் குரங்கு காடு முழுக்க அலைந்து காய்த்த அத்திமரத்தைத் தேடுகிறது. கைக்குள் அடங்குகிற டாமரின் பூவில் தேன் குடிக்கிறது. பஞ்ச காலத்தில் ஆளுக்கொரு பிழைப்பு இருப்பதால்தான் அங்கே 13 வகைக்கு இடம் கிடைக்கிறது. நல்ல காலத்தில் எல்லோரும் பங்காளிகள். கெட்ட காலத்தில் தொழில் தெரிந்தவன் தப்பிக்கிறான். தாராவிக்கு இது புதிய செய்தி அல்ல.

தென்கிழக்கு ஆசியாவில் பஞ்சம் மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில். போர்னியோக் காட்டின் பெருமரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒன்றாகக் காய்த்துத் தள்ளும். இடைப்பட்ட வருடங்களில் ஒராங்குட்டான் மரப்பட்டையை உரித்துத் தின்று, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்து உயிர் வாழ்கிறது. அவ்வளவு பெரிய பிராணி கூட்டம் சேராமல் தனியாகத் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பேர் சேர்ந்து போனால் இரண்டு பேருக்கும் வயிறு நிறையாது.

இனி காக்காச்சி.

சிங்கம்பட்டி மலையில் உள்ள அந்தக் காட்டில் 1970-களில் ஜான் ஓட்ஸ் என்ற ஆய்வாளர் கருங்குரங்குகளின் பின்னால் நடந்தார். கருங்குரங்கு என்றால் நம்மவர்களுக்கு லேகியம் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் விற்ற மருந்துக்காக அவை கொல்லப்பட்ட எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் வேட்டை ஓரளவு அடங்கியது. ஓட்ஸுக்கு வேண்டியிருந்தது லேகியம் அல்ல, மெனு. கருங்குரங்குக்கு மாட்டைப் போல அறைகள் பிரிந்த வயிறு. இலையை ஊறவைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் செரிக்கும். மழைக்காட்டில் இலைக்கா பஞ்சம்? கை நீட்டினால் சோறு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்படி இல்லை. காட்டில் மலிந்து நிற்கும் மரங்களின் முற்றிய இலைகளைக் கருங்குரங்கு திரும்பிப் பார்ப்பதில்லை. தளிரைப் பறிக்கிறது, சில குறிப்பிட்ட மரங்களின் இலையைத் தேடிப் போகிறது, காயையும் விதையையும் தின்கிறது. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத் தாவர வேதியியலாளர் பீட்டர் வாட்டர்மேன் இலைகளைப் பரிசோதித்தபோது காரணம் புரிந்தது. ஒதுக்கப்பட்ட இலைகளில் நார் அதிகம், துவர்ப்புச் சத்து அதிகம், புரதம் குறைவு. 1980-ல் இருவரும் இன்னொரு சகாவும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். மரம் சும்மா நிற்கவில்லை, தன் இலையைக் காவல் காக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

அதோடு கதை முடியவில்லை. வாட்டர்மேனும் வேறு சில சகாக்களும் 1988-ல் ஆசிய, ஆப்பிரிக்கக் காடுகளை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் காட்டின் முற்றிய இலைகளில் நாருக்கு எவ்வளவு புரதம் என்ற விகிதம். மறுபக்கம் அந்தக் காட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இலை தின்னும் குரங்குகளின் மொத்த எடை எவ்வளவு என்ற கணக்கு. உகாண்டாவின் கிபாலே, மலேசியாவின் குவாலா லோம்பாட், போர்னியோவின் செபிலோக், நம்மூர்க் காக்காச்சி எல்லாம் அதில் புள்ளிகள். புரதம் கூடக் கூட எடையும் கூடியது. ஏழை மண்ணில் வளர்ந்த செபிலோக் அடியில், கிபாலே உச்சியில், காக்காச்சி இரண்டுக்கும் நடுவே. உலகின் நான்கு மூலைகளில் வெவ்வேறு இனக் குரங்குகள், வெவ்வேறு மரங்கள், ஆனால் கணக்கு ஒன்று. விதிவிலக்குகளும் பின்னால் கிடைத்தன என்றாலும், குரங்கை எண்ணுவதற்கு முன் இலையைப் பார் என்ற பாடம் நிலைத்துவிட்டது. சிங்கம்பட்டி மலையின் ஒரு பிடி இலை, கிபாலேயின் சிவப்புக் கொலோபஸ் குரங்கைப் புரிந்துகொள்ள உதவியது.

அந்தக் கிபாலேயும் 13 இனங்கள் வரை வாழ்கிற காடு. தாமஸ் ஸ்ட்ருசேக்கர் 1970-ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி இன்றுவரை கைமாறிக் கைமாறித் தொடர்கிறது. ஆப்பிரிக்காவின் இன்னொரு விசேஷம், குரங்குகளின் கூட்டணி. ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டில் சிவப்புக் கொலோபஸும் டயானா குரங்கும் வேறு வேறு இனமாக இருந்தும் சேர்ந்து திரிகின்றன. கொலோபஸை வேட்டையாடித் தின்பது சிம்பன்ஸி. டயானாவுக்குக் கண்ணும் காதும் கூர்மை, அது காவல்காரன். இந்தியாவில் அனுமன் மந்திக்கு அப்படி ஒரு தோழன் உண்டென்றால் அது இன்னொரு குரங்கு அல்ல, புள்ளிமான். மேலிருந்து மந்தி உதிர்க்கும் இலையும் பழமும் மானுக்கு. புலி வந்தால் மந்தி போடும் கூச்சலும் மானுக்கு.

காக்காச்சிக் காட்டின் மாடியில் குடியிருப்பது சிங்கவால் குரங்கு. கருத்த உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973 முதல் 1975 வரை இதே அசம்பு மலையில் அதைப் பின்தொடர்ந்தார்கள். தரைக்கு இறங்க மனமில்லாத அது கிளைவழியாகவே காட்டைச் சுற்றுகிறது. ஒரு கூட்டத்துக்குச் சில சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். கருங்குரங்குக் குடும்பத்துக்கு அதில் ஒரு மூலை போதும். இலை பக்கத்திலேயே கிடைக்கும். பழம் இன்று இந்த மரத்தில், நாளை இரண்டு பர்லாங் தள்ளி வேறு மரத்தில். இந்த ஆய்வு வெறும் காகிதமாகப் போகவில்லை. சிங்கவால் குரங்கை மனதில் வைத்து 1976-ல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1962-லேயே இருந்த முண்டந்துறைச் சரணாலயத்தோடு அது 1988-ல் சேர்ந்து புலிகள் காப்பகமானது.

அது நம்பியிருக்கும் மரங்களில் முதன்மையானது வெடிப்பலா. பலாவைப் போல முள்காய், ஆனால் மனிதன் சீந்தாதது. பூக்கும் காலத்தில் பூவின் சதைப்பற்றான பகுதியையும், காய்த்ததும் முள்ளைப் பிளந்து விதையையும் சிங்கவால் குரங்கு தின்கிறது. கருங்குரங்கும் மலை அணிலும் வௌவாலும் பந்திக்கு வரும். 1990-களில் காக்காச்சியில் நடந்த ஆய்வுகள் இதில் இன்னொன்றையும் கண்டன: பூவைத் தின்ன வருகிறவர்களே மகரந்தத்தையும் கடத்துகிறார்கள். சாப்பிட்டதற்குக் கூலி.

காட்டின் ஓரத்தில் நாட்டுக் குரங்கு, அடிவாரத்து வறண்ட காட்டில் அனுமன் மந்தி, ராத்திரி ஷிப்டில் தேவாங்கு. பூச்சிதான் தேவாங்குக்குப் பிரதானம் என்பதால் மற்ற நால்வருக்கும் அதற்கும் வாய்க்கால் தகராறு கிடையாது. இலங்கையில் பொலன்னறுவை இடிபாடுகளுக்குள்ளும் இதே போன்ற பாகப்பிரிவினைதான். ஹ்லாடிக் என்ற பிரெஞ்சுத் தம்பதி 1972-ல் எழுதியபடி, ஊதாமுக மந்தி ஒருசில மரங்களின் இலையோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. சாம்பல் மந்தி தரையிலும் இறங்கி, பழமும் தேடி, பெரிதாக அலைகிறது.

தமிழனுக்கு இந்தப் பாகுபாடு ஒரு காலத்தில் தெரிந்தே இருந்தது. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைத் தனித்தனியாகச் சொல்கிறது. மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்பது பொதுப்பெயர். முசுவின் கரிய முகம் சங்கப் புலவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஊகம் என்றால் கருங்குரங்கு என்கின்றன அகராதிகள். மராத்திக்காரர்கள் இன்னும் மாகட் வேறு, வானர் வேறு என்று பேச்சிலேயே பிரிக்கிறார்கள். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வழி தவறி வந்த ஒன்று மாடியில் தாவினால், மராத்திப் பத்திரிகையில் அதன் இனம் பெயரிலேயே தெரிந்துவிடும். தமிழ்ப் பத்திரிகையில் எல்லாம் குரங்கு. சொல் போனால் வித்தியாசமும் கண்ணிலிருந்து போய்விடுகிறது.

வித்தியாசம் தெரியாததன் விலையை மும்பையில் பார்க்கலாம். நாட்டுக் குரங்கும் ரீசஸும் அண்ணன் தம்பி போலிருக்கும். நாட்டுக் குரங்குக்கு உச்சந்தலையில் வகிடு எடுத்துப் படிய வாரியது போல முடி, உடம்பைவிட நீளமான வால். ரீசஸுக்கு வால் குட்டை, பின்பாகம் செம்மை. சுபாவத்திலும் பேதம் உண்டு: நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் பல ஆண்கள் ஒன்றையொன்று சகித்துக்கொண்டு இருக்கும், ரீசஸில் அதிகாரம் கறார். மேற்கே தப்தி ஆற்றுக்கு வடக்கே ரீசஸ், தெற்கே நாட்டுக் குரங்கு என்பது பழைய எல்லை.

ரீசஸ் உலகப் பிரசித்தி பெற்றது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் 'ஆர்.எச்.' அதன் பெயரின் முதலெழுத்துகள்தான். போலியோ தடுப்பு மருந்துக்காக 1950-களில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து கப்பலும் விமானமும் ஏறின. மொரார்ஜி தேசாய் அரசு 1978-ல் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதன் பிறகு எண்ணிக்கை பெருகி, எல்லை தெற்கே நகர்ந்தது. ரீசஸ் முன்னேறுகிற இடங்களில் நாட்டுக் குரங்கு பின்வாங்குகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. நகரத்தில் தொல்லை தருவதைப் பிடித்து, இனம் பார்க்காமல், அடுத்த காட்டோரம் விட்டுவிடும் பழக்கம் இந்த நகர்வுக்கு வண்டி வைத்துக் கொடுத்தது போல.

நாட்டுக் குரங்குதானே, எங்கும் இருக்கிறதே என்று நினைப்பது சுலபம். மைசூரைச் சுற்றிய சாலைகளில் கால் நூற்றாண்டுக் கணக்கை ஒப்பிட்ட ஆய்வு, எண்ணிக்கை 65 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டதாக 2017-ல் கூறியது. காரணங்களில் ஒன்று சாலையோர ஆலமரங்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டினார்கள். குரங்குக்குத் தூங்க இடமும் போயிற்று, பஞ்ச காலப் பழமும் போயிற்று. ஆல், அரசு, அத்தி எல்லாம் ஒரே குடும்பம். மற்ற மரங்கள் கைவிரிக்கும் மாதங்களில் இவற்றில் ஏதாவது ஒன்று எங்காவது பழுத்திருக்கும். மானுவின் அணில் குரங்கு தேடிப் போகிற அதே அத்திக் குடும்பம், மைசூர்ச் சாலையில் ஒப்பந்தக்காரரின் கோடாலிக்குப் போனது. நாட்டுக் குரங்கு இன்று உலகப் பாதுகாப்புப் பட்டியலில் ஆபத்தை நோக்கிப் போகும் இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அனுமாருக்கு நேர்ந்துகொண்டு போரிவலிக் காட்டு வாசலில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் பக்தர்களுக்குப் புண்ணியம் கிடைக்கலாம். ஆனால் பிஸ்கட் ஆலமரத்துக்கு ஈடல்ல. கையிலிருந்து பிடுங்கக் கற்றுக்கொண்ட கூட்டம் அடுத்து வீட்டுக்குள் நுழையும், அதன்பின் கூண்டு வரும்.

சிங்கவால் குரங்கு இந்தப் பாதையில் இறங்காது என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. சைலன்ட் வேலி மின்திட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் அதன் முகமே கொடியானது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் நடந்தது அந்த நம்பிக்கையை உடைத்தது. தேயிலைக்கு நடுவே மிஞ்சிய ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான சோலையில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது. வெளியே போக மரவழி இல்லை. எண்ணிக்கையோ 1990-களிலிருந்து பல மடங்கு பெருகி 150-ஐத் தாண்டியது. உச்சாணியில் வாழ்ந்த பிராணி தரையில் நடந்தது, குப்பைத்தொட்டியைக் கிளறியது, தொழிலாளர் குடியிருப்பில் கூரை ஓட்டை நகர்த்திச் சோற்றுப்பானையில் கை வைத்தது, பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. வனத்துறையும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் சாலையின் குறுக்கே தீயணைப்புக் குழாய்த் துணியால் மரத்துக்கு மரம் பாலம் கட்டின. குரங்குகள் அதில் நடக்கப் பழகிவிட்டன. பெருகியதை வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இளம் ஆண்கள் வேறு கூட்டம் தேடிப் போக வழியில்லாத இடத்தில் பெருக்கம் என்பது அடைபட்ட அறையில் கூட்டம் சேர்வதுதான். உலகத்தில் மொத்தமே சில ஆயிரம் உள்ள இனம் இது. பெண் முதல் குட்டி போட ஆறு வயது தாண்ட வேண்டும். அடுத்ததற்கு இரண்டரை மூன்று வருடம். இழந்ததைச் சட்டென்று ஈடு கட்ட இதனால் முடியாது.

காக்காச்சிக்கு இனி நேரப்போவதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,300 ஏக்கருக்கு மேல் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863-ல் தொடங்கிய பம்பாய்க் கம்பெனி அது. நெல்லையிலிருந்து ஆட்கள் பம்பாய்க்குப் பிழைக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பம்பாயின் முதல் நெல்லை மலைக்கு வந்தது. காடு வெட்டித் தேயிலை போட்டவர்களும் பறித்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் 1999 ஜூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தது அந்த மலையின் வரலாற்றில் சேர்ந்தே வருகிறது.

குத்தகை முடியக் காத்திராமல் 2024-ல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்தட்டும் என்று கேட்டுத் தொழிலாளர் தரப்பு போட்ட மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் முடிவு. குரங்கின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல செய்தி. நூறு வருடம் அதே மலையில் பிறந்து வளர்ந்து, கீழே ஒரு சென்ட் நிலம் இல்லாமல் இறங்கியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல நாக்கு எழாது. குரங்கைக் காரணம் காட்டி ஆட்களை இறக்குவதும், ஆட்களைக் காரணம் காட்டிக் காட்டை விழுங்குவதும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

மனிதன் இறங்கிவிட்டால் காடு தானாக ஏறிவிடும் என்பதும் பாதி உண்மைதான். கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாகவே வளரும். அதில் சிங்கவால் குரங்கு தின்னும் பழம் கிடையாது. நெருங்கி நிற்கிற தேயிலைக்கு அடியில் சோலைக் கன்று முளைப்பது கஷ்டம். விதையைக் கொண்டுவந்து போட வேண்டிய இருவாட்சியும் மரநாயும் குரங்கும், உட்கார மரம் இல்லாத இடத்துக்கு வருவதும் கஷ்டம். வால்பாறையில் 2000-வாக்கில் தொடங்கிய சோலை மீட்பு வேலையில் உள்ளூர்க் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து, களை பிடுங்கி, வருடக்கணக்காகப் பராமரித்துத்தான் மரம் மரமாக ஆக்க வேண்டியிருந்தது. எந்த மரம் எங்கே முளைக்கும் என்று தெரிந்தவர்கள் வேண்டும். அட்டைக்கும் மழைக்கும் அஞ்சாமல் அந்தச் சரிவில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள்தான் இப்போது மலையிலிருந்து இறங்கி மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி என்று வாடகை வீடு தேடிச் சிதறியிருக்கிறார்கள்.

காக்காச்சியிலோ நாலுமுக்கிலோ தேயிலையைப் பிடுங்கிவிட்டு எதை நடப்போகிறார்கள், யார் நடப்போகிறார்கள், வெடிப்பலா அதில் எத்தனை என்ற கேள்விகளுக்கு இப்போதே விடை எழுதத் தொடங்கியாக வேண்டும். மலைச்சரிவில் மெதுவாக வளர்கிற மரம் அது. இரண்டு பக்கத்துக் காட்டுக்கும் நடுவே கிளையோடு கிளை கோத்தால்தான் சிங்கவால் குரங்கு தரையில் கால் வைக்காமல் கடக்கும். குத்தகைப் பத்திரத்தின் 99 ஆண்டு 2028 பிப்ரவரியில் முடிகிறது.